குருதிக் கொடையும் கொடைமடமும்

மனிதர் எல்லோருடைய இரத்தமும் சிவப்பே என்னும் வாசகம் நமது மேடைகளில் நெடுங்காலமாக ஒலித்து வருவதொன்று. சாதியின் பெயராலும் இனத்தின் பெயராலும் மனிதனை மனிதன் தாழ்த்த முற்பட்டபோதெல்லாம், முற்போக்காளர் இவ்வாசகத்தையே கேடயமாகக் கைக்கொண்டனர். குலப்பெருமை இரத்தத்திலேயே ஊறியது என்று வாதிப்பவனுக்கு, "உன் விரலையும் அவன் விரலையும் ஊசியால் குத்திப் பார்" என்று விடையிறுப்பது எளிது, வலிமையானதுங்கூட. இரத்ததான முகாம்களைத் திறந்துவைக்கும் பெரியோர் இதனையே சொல்கின்றனர். பாடசாலைப் பேச்சுப் போட்டிகளில் மாணவர் இதனையே முழங்குகின்றனர். இவ்வாசகத்தின் நோக்கத்தோடு நமக்கு எவ்வித மாறுபாடும் இல்லை.

ஆயினும் ஒரு கொள்கையின் வலிமை, தனக்கு இடர்தரும் உண்மைகளை அது எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதைக் கொண்டே அறியப்படும். இரத்தத்தைப் பற்றிய அத்தகைய உண்மையொன்றை வைத்திய விஞ்ஞானம் நம்முன் வைத்துள்ளது. ஒருவர் மனமுவந்து அளித்த இரத்தத்தை மற்றொருவரின் உடல் பகையாகக் கொண்டு அழித்துவிடக் கூடும். வகை பார்த்து, ஒத்த வகையே ஏற்றப்பட்ட பின்னரும் இது நிகழலாம். கொடையாளரும் பெறுவோரும் வெவ்வேறு மூதாதையரின் வழிவந்தோராயின் இது நிகழும் வாய்ப்புக் கூடுகின்றது. அப்படியாயின் நமது வாசகம் பொய்யா? இனவாதிகள் சொல்லிவந்ததுதான் மெய்யா? இக்கேள்வியை நாமே எழுப்பி நாமே விடை காணாதுவிடின், வேறொருவன் அதனை எழுப்பித் தனக்கேற்ற விடையைத் தந்துவிடுவான். ஆகவே முதற்கண் செய்திகளை உள்ளவாறு நோக்குவோம்.

1901ஆம் ஆண்டில் வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் அறிஞர், மனிதரின் இரத்தம் ஒன்றோடொன்று கலக்கும்போது சில வேளைகளில் திரள்வதையும் சில வேளைகளில் திரளாதிருப்பதையும் ஆராய்ந்து, இன்று ஏ, பி, ஓ என நாம் வழங்கும் வகைகளுக்கு அடிகோலினார். அதற்காக 1930இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் கண்டது தொடக்கமே. செங்குழியம் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் புரதங்களாலும் வெல்லப் பொருள்களாலும் ஆகிய நுண்ணிய அடையாளங்கள் பல உள்ளன. பிறபொருளெதிரியாக்கிகள் என்று பாடநூல்கள் கூறுவது இவற்றையே. றீசஸ் தொகுதி 1940ஆம் ஆண்டளவில் தெரியவந்தது. கெல் 1946இலும், டஃபி 1950இலும், கிட் 1951இலும் அறியப்பட்டன. இப்பெயர்கள் அறிஞரின் பெயர்கள் அல்ல. பிறர் இரத்தத்தாலோ தம் வயிற்றுப் பிள்ளையின் இரத்தத்தாலோ எதிர்ப்புண்டாகிய நோயாளரின் குடும்பப் பெயர்களிலிருந்து வந்தவை. இன்று நாற்பதுக்கு மேற்பட்ட தொகுதிகளும் அவற்றுள் முந்நூறுக்கு மேற்பட்ட அடையாளங்களும் கணக்கிடப்பட்டுள்ளன. வழமையாக வைத்தியசாலையில் பார்க்கப்படுவது ஏ, பி, ஓ வகையும், றீசஸ் தொகுதியில் ஓர் அடையாளமுமே.

தன்னிடம் இல்லாத அடையாளம் ஒன்று பிறரது செங்குழியத்தோடு உள்ளே வரும்போது, சிலருடைய உடல் அதனை அந்நியம் என்று கண்டு அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளைத் தோற்றுவிக்கின்றது. கிருமியை எதிர்க்கும் அதே பொறிமுறைதான் இதுவும். முதன்முறையில் பெரும்பாலும் துன்பமில்லை. எதிர்ப்பு மெல்ல உருவாகின்றது; பின்னர் சில மாதங்களில் சோதனைக்கு அகப்படாத அளவுக்குக் குறைந்தும் போகலாம். ஆனால் உடல் அதனை நினைவில் வைத்திருக்கும். அதே அடையாளம் மீண்டும் வருமாயின், சில நாள்களுக்குள் எதிர்ப்பு பெருகி எழுந்து, ஏற்றிய செங்குழியங்களை அழித்துவிடும். காய்ச்சலும், நோவும், மஞ்சளித்த கண்களும், கறுத்த சிறுநீரும் அப்பொழுது தோன்றுகின்றன.

வாழ்நாளில் ஓரிரு முறை இரத்தம் பெறும் மனிதனுக்கு இது பெரும்பாலும் நேர்வதில்லை. இதன் சுமை முழுவதும் பிறருடைய இரத்தத்தாலேயே உயிர்வாழ வேண்டியவர் மீது விழுகின்றது. அரிவாளுருக் கல நோய் கொண்டோரும் தலசீமியா நோய் கொண்டோரும் அத்தகையோர். கடுமையான தலசீமியா உள்ள குழந்தைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். அரிவாளுருக் கல நோயாளருக்கோ இன்னுமொரு கொடுமை உண்டு. எதிர்ப்பினால் எழும் நோவு அவருடைய நோயின் வழக்கமான நோவைப் போலவே இருத்தலால், அது வேறென்று தெரியாது போகலாம். சிலருக்கு, வந்த இரத்தத்தோடு சொந்தச் செங்குழியங்களும் சேர்ந்து அழிகின்றன. அந்நிலையில் மேலும் இரத்தம் ஏற்றுவது நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். உயிர் காக்கும் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதனைக் கொடுக்க வைத்தியர் அஞ்சி நிற்கும் நிலை இது.

இனி, இவ்வுண்மையை இனவாதத்தோடு எவ்வாறு பொருத்துவது, எவ்வாறு பிரிப்பது என்பதைப் பார்ப்போம். அதற்கு அமெரிக்க நாட்டின் வரலாற்றைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் படையினருக்கென இரத்தம் திரட்டத் தொடங்கியது. 1941இல் கறுப்பின மக்களிடமிருந்து இரத்தம் பெறுவதில்லை என்பதே அதன் நிலையாக இருந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னர், 1942 தொடக்கத்தில் அவர்களிடமும் பெறுவதெனவும், ஆனால் அதனை வேறாக வைப்பதெனவும் முடிவாயிற்று. அதாவது, கறுப்பின மனிதன் போரில் சிந்தும் இரத்தத்தை நாடு ஏற்றுக்கொண்டது. அவன் கொடையாக அளித்த இரத்தத்தை வெள்ளையர் உடலில் ஏற்ற மறுத்தது. இதிலே கசப்பானதொரு முரண் உண்டு. இரத்தத்திலிருந்து பிளாஸ்மா என்னும் திரவத்தைப் பிரித்தெடுத்துப் பெருமளவிற் சேமிக்கும் முறையை வளர்த்தோருள் முதன்மையானவர் சார்ள்ஸ் ட்ரூ என்னும் கறுப்பின வைத்தியர். 1940இல் பிரித்தானியாவுக்குப் பிளாஸ்மா அனுப்பும் திட்டத்தை வைத்தியத் துறையில் நெறிப்படுத்தியவரும் அவரே. இரத்தத்தை நிறம் பார்த்துப் பிரிப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்லை என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். செஞ்சிலுவைச் சங்கம் அவ்வழக்கத்தைக் கைவிட்டது 1950இல். லூசியானா மாநிலத்தில் இரத்தப் பொதியில் இனப்பெயர் எழுத வேண்டும் என்ற சட்டம் 1972 வரை இருந்தது.

அதே 1950இல் ட்ரூ வாகன விபத்தொன்றில் மாண்டார். கறுப்பினத்தவர் என்பதால் அவருக்கு இரத்தம் ஏற்ற மறுத்தனர் என்றொரு கதை பின்னர் பரவியது. அக்கதை உண்மையன்று, அவரைக் காப்பாற்ற அங்கிருந்த வைத்தியர்கள் முயன்றனர். ஆனால் அக்கதையை மக்கள் ஏன் அவ்வளவு எளிதில் நம்பினர் என்பதும் நாம் எண்ண வேண்டியதே. வேறு பலர் வைத்தியசாலை வாயில்களில் நிறத்தின் பெயரால் திருப்பியனுப்பப்பட்ட காலம் அது. நிகழ்ந்த கொடுமைகள் பல சேர்ந்து, நிகழாத ஒன்றுக்கு உருவம் கொடுத்தன.

அடுத்து 1990ஆம் ஆண்டுக்கு வருவோம். கலிபோர்னியாவில் ஓக்லண்ட் நகரைச் சார்ந்த வைத்தியர் எலியட் விச்சின்ஸ்கியும் பிறரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரத்தம் ஏற்றப்பட்டு வந்த அரிவாளுருக் கல நோயாளர் 107 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். அனைவரும் கறுப்பினத்தவர். அவருள் 32 பேருக்கு, அஃதாவது நூற்றுக்கு முப்பது பேருக்கு, ஏற்றிய இரத்தத்துக்கெதிரான பிறபொருளெதிரிகள் தோன்றியிருந்தன. வேறு இரத்தச்சோகை நோய்களுக்காக இரத்தம் பெற்ற, கறுப்பினத்தவரல்லாத நோயாளரிடையே இது நூற்றுக்கு ஐந்தளவே. அப்பகுதியில் இரத்தம் கொடுத்தோருள் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். கொடுத்தோரிடம் மிகுதியாகவும் பெற்றோரிடம் அரிதாகவும் இருந்த சில அடையாளங்களே, கெல் தொகுதியிலும் றீசஸ் தொகுதியிலும் உள்ள சிலவே, அவ்வெதிர்ப்புகளில் பெரும்பங்குக்குக் காரணம் என்பது தெரியவந்தது.

இங்கேதான் இனவாதி தலைநிமிர்த்துவான். "பார்த்தீர்களா, வேறுபாடு இரத்தத்திலேயே இருக்கிறது, 1941இல் பிரித்து வைத்தவர்கள் சரியானதைத்தானே செய்தார்கள்?" என்பான். இதற்கு விடை கூற நாம் தயங்க வேண்டியதில்லை.

1941இல் பொதிகளைப் பிரித்தவர்கள் கெல்லையும் பார்க்கவில்லை, டஃபியையும் பார்க்கவில்லை. அவை அப்போது அறியப்படவே இல்லை. மேலும், அவர்கள் சேர்த்துவைத்தது பெரும்பாலும் செங்குழியங்கள் நீக்கப்பட்ட பிளாஸ்மா. செங்குழியத்து அடையாளத்தைப் பற்றிய அச்சம் அங்கே எழவே இடமில்லை. நோயாளரின் நன்மை அப்பிரிவினையின் நோக்கத்தில் எங்கும் இருக்கவில்லை; தீட்டே அதன் நோக்கம். இது ஒன்று.

இரண்டாவது, இவ்வடையாளங்கள் எவையும் எந்த இனத்தின் தனிச்சொத்தும் அல்ல. ஒரு மக்கள் தொகுதியில் மிகுதி, இன்னொன்றில் குறைவு என்பதே வேறுபாடு. அம்மிகுதிக்கும் குறைவுக்கும் காரணம் உயர்வு தாழ்வன்று. வரலாறும் நோயும் வாழிடமுமே. டஃபி அடையாளம் செங்குழியத்தில் இல்லாதிருத்தல் மேற்கு ஆபிரிக்க மக்களிடையே மிகப் பரவலாக உண்டு. மலேரியாக் கிருமிகளுள் வைவாக்ஸ் என்னும் ஒன்று அவ்வடையாளத்தைப் பற்றிக்கொண்டே செங்குழியத்துள் நுழைகின்றது என்பதை 1976இல் லூயிஸ் மில்லர் முதலியோர் காட்டினர். கதவின் கைப்பிடி இல்லாத வீட்டுக்குள் கள்வன் நுழைய முடியாதது போன்றதே இது. அரிவாளுருக் கலமும் தலசீமியாவும் மலேரியா பரவியிருந்த நிலங்களில் நிலைபெற்றதும் அவ்வாறே. பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து காக்கும் அப்பண்பு, இருவரிடமிருந்தும் வந்தால் நோயாகின்றது. இவற்றில் பெருமைக்கும் சிறுமைக்கும் இடம் ஏது?

மூன்றாவது, இரத்தத்தின் வேறுபாடு இன எல்லைகளோடு நின்றுவிடுவதில்லை. அது குடும்பத்துக்குள்ளும் புகுந்து செல்கின்றது. 1939இல் லெவைன், ஸ்டெற்சன் என்னும் அறிஞர் இருவர் நியூயோர்க் நகரப் பெண்ணொருத்தியைப் பற்றி எழுதினர். பிள்ளை இறந்து பிறந்த அவளுக்குக் கணவனின் இரத்தமே ஏற்றப்பட்டது. வகை ஒத்ததுதான். ஆயினும் அவள் உடல் அதனைக் கடுமையாக எதிர்த்தது. தந்தையிடமிருந்து பிள்ளை பெற்ற அடையாளமொன்று அவள் உடலை முன்னரே எதிர்ப்புக்கு ஆயத்தப்படுத்தியிருந்தது. இன்னும், 1952இல் பம்பாய் நகரில் பெண்டேயும் பிறரும் சில மனிதரின் இரத்தத்தைக் கண்டு வியந்தனர். ஏனையோர் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று கருதப்பட்ட ஓ வகை இரத்தத்தையும் அது ஏற்கவில்லை. பம்பாய் வகை என்றே இன்றும் அது வழங்குகின்றது. அவ்வகையினருக்கு அவ்வகையினரின் இரத்தமே ஆகும். அண்டை வீட்டானின் இரத்தமும், உடன்பிறந்தானின் இரத்தமுங்கூட, அவனுக்கு ஆகாது போகலாம். முகமறியாத ஒருவரின் இரத்தம் ஒத்துப்போகலாம். இனம் என்பது இங்கே எங்கே தேடுவதென்று சொல்லும் குறிப்பாக மட்டும் உதவலாம். யாருக்கு எது பொருந்தும் என்பதை ஆளாள் வாரியான சோதனை ஒன்றே தீர்மானிக்கின்றது.

இரத்த உறவு என்று நாம் போற்றும் உறவைப் பற்றியும் இங்கு ஒருசொல் கூறுதல் தகும். நெருங்கிய சுற்றத்தாரின் இரத்தமே நோயாளிக்குச் சிறந்தது என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக உண்டு. வைத்திய விஞ்ஞானம் அதற்கு மாறாகவே சொல்கின்றது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரின் இரத்தத்தில் உள்ள வெண்குழியங்கள் பெறுவோரின் உடலில் அழியாது நிலைத்து அவ்வுடலையே தாக்கும் ஆபத்து, அரிதேயாயினும், உயிர்கொல்லும் தன்மையது. எனவே அவர்களின் இரத்தத்தைத் தவிர்ப்பர். அல்லது கதிர்வீச்சுக்கு உட்படுத்தியே ஏற்றுவர். தலசீமியாக் குழந்தையின் உயிரைத் தாங்குவது தாயின் இரத்தமன்று. பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானோரின் இரத்தம். சமுதாயம் என்ற சொல்லுக்கு இதனினும் சிறந்த உதாரணம் காண்பது அரிது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, இரு தவறுகள் நம்முன் நிற்பதைக் காணலாம். ஒன்று, இல்லாத வேறுபாட்டைக் கற்பித்து மனிதரைப் பிரிப்பது. 1941இன் தவறு அது. மற்றொன்று, உள்ள வேறுபாட்டைக் காண மறுத்து எல்லோருக்கும் ஒரே அளவால் வழங்குவது. 1950இன் பின் அமெரிக்காவில் நிகழ்ந்தது இதுவே. பொதிகளில் இனப்பெயர் நீங்கியது நீதியே. ஆனால் அதன் பின்னர், 'இரத்தம் இரத்தமே' என்ற அமைதியில், பெரும்பான்மையோரின் இரத்தமே பொதுவான இரத்தமாகிவிட்டது. அதன் விலையை, கேட்பாரின்றி, சிறுபான்மையினரான நோயாளர் தம் உடலால் கொடுத்து வந்தனர். முதல் தவறைச் செய்தவர்கள் பகைவர்கள். இரண்டாவது தவறு நல்லோரிடமும் வரக்கூடியது. சமத்துவத்தின் பெயராலேயே வரக்கூடியது. ஆதலால்தான் அதனைக் குறித்து நாம் கூடுதலான விழிப்போடு இருத்தல் வேண்டும்.

பொது என்று சொல்லப்படுவது யாருடைய பொது என்ற கேள்வி இரத்த வங்கிக்கு மட்டும் உரியதன்று. ஒரு நாட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம், ஒரே மொழி, ஒரே பாடநூல் என்று சொல்லப்படும்போதும், அந்த 'ஒரே' என்பது பெரும்பான்மையோரின் அளவுக்கு வெட்டப்பட்ட சட்டையாக இருந்துவிடுவதை நாம் அறிவோம். சமத்துவம் என்பது எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதென்று கொண்டால், அது தொகையில் மிகுந்தவர்க்கே வாய்ப்பாகும். ஒவ்வொருவருடைய உயிரும் ஒரே மதிப்புடையது. ஆதலால் ஒவ்வொருவருக்கும் எது பொருந்துமோ அதனை அளிக்கச் சமுதாயம் கடமைப்பட்டது. இதுவே சமத்துவத்தின் நிறைவான பொருள் என்பது நமது துணிபு.

இந்த இடத்தில் நமது இலக்கிய மரபு நமக்கொரு சொல்லை வழங்குகின்றது. கொடைமடம் என்பது அச்சொல். பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தான். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். பெறுவதற்கு அது பயன்படுமா என்று ஆராயாது, இரக்கம் மேலிட்டபோதே கொடுத்துவிடும் இத்தன்மையைப் புலவர்கள் மடம் என்றனர். மடம் என்று சொல்லிக்கொண்டே போற்றினர். உள்ளத்தின் ஈரத்துக்கு அது சான்றாகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மயில் போர்வையால் இறந்துவிடப் போவதில்லை. முல்லை தேரால் பட்டுப்போவதுமில்லை. குருதிக் கொடையில் நிலைமை அவ்வாறன்று. பெறுவோர் யார், அவர் உடல் எதனைத் தாங்கும், முன்னர் எதனைத் தாங்கவில்லை என்று அறியாது கொடுக்கும் கொடை, கொடுத்தவரின் உள்ளம் எவ்வளவு தூயதாயினும், பெற்றவரைக் கொல்லக் கூடும். கொடுத்தவரின் நல்லெண்ணத்தை உடலின் பிறபொருளெதிரிகள் அறியா. அவை கொடையை மறுப்பதனை நன்றியின்மை என்று யாரும் பழிக்க முடியாது.

வள்ளுவர் ஈகையைப் பாடுவதற்கு முன்னரே ஒப்புரவறிதல் என்றோர் அதிகாரத்தை வைத்துள்ளார். ஒப்புரவு செய்தல் என்னாது ஒப்புரவறிதல் என்று அமைந்த அப்பெயர் நம் சிந்தனைக்குரியது. உலகத்தோடு ஒத்து உதவுவதற்கு முதலில் அறிதல் வேண்டும். ஈகைக்கு முன் அறிவு நிற்கின்றது. அந்த அறிவைத் தனி மனிதன் ஒவ்வொருவனும் தன் கையால் தேடிக்கொள்ள இயலாது. இரத்தம் கொடுப்பவன் தன் கெல் அடையாளத்தை அறிந்துவந்து கொடுப்பான் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே, கொடுப்பது தனிமனிதனின் கடன் எனின், அறிவது சமுதாயத்தின் கடன். ஆய்வுகூடம், பதிவேடு, பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர், இவற்றுக்கான பொதுப்பணம் ஆகியவையே அந்த அறிதலின் உருவங்கள்.

இதற்கு மறுப்புகள் எழுதல் கூடும். அவற்றுள் வலிமையானவை இரண்டு.

முதலாவது, இன அடிப்படையில் கொடையாளரைத் தேடுவது பழைய பிரிவினையைப் பின்வாசலால் அழைத்து வருவதாகாதா என்பது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இன்று கறுப்பின மக்களை நோக்கி இரத்தம் தரும்படி தனியான வேண்டுகோள்கள் விடுக்கப்படுகின்றன. மேலோட்டமாக நோக்கின், அன்று கறுப்பினத்தவரின் இரத்தத்தைத் தனியே வைத்ததும் இன்று தனியே கேட்பதும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் அன்று பொதி நோயாளியிடம் செல்லாதிருப்பதற்காகப் பிரிக்கப்பட்டது. இன்று உரிய நோயாளியைச் சென்றடைவதற்காகத் தேடப்படுகின்றது. இவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும் வேண்டுகோள் விடுக்கும் சமுதாயம் தன் கடந்தகாலத்தை மறந்துவிட்டுக் கேட்க முடியாது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிசு நோயுற்ற ஏறத்தாழ 400 கறுப்பின ஆடவருக்கு, பெனிசிலின் கிடைத்த பின்னரும் அதனைக் கொடாது, நோயின் போக்கை அரச சுகாதாரத் துறையே பார்த்துக்கொண்டிருந்தது. வைத்தியத்தின் மீது அம்மக்களுக்குள்ள ஐயம் வெறும் அறியாமையின் விளைவன்று. இரத்தம் கொடுப்போர் அவருள் குறைவாயிருப்பதற்கு இது ஒன்றே காரணம் என்பது மிகையாகும். வறுமையும், முகாம்கள் அமைக்கப்படும் இடங்களும், வேறு உடல்நலக் காரணங்களும் உண்டு. எனினும், அன்று அவமதித்துப் பிரித்துவைத்த இரத்தத்தையே இன்று அந்நாடு தேடி அலைகின்றது என்பது, அநீதியின் விளைவு அதனைச் செய்தோரின் தலைமுறையோடு முடிவதில்லை என்பதை உணர்த்தும்.

இரண்டாவது மறுப்பு செலவைப் பற்றியது. செல்வம் மிக்க நாடுகள் நுணுகிப் பார்க்கட்டும், வறிய நாடுகளில் இரத்தம் கிடைப்பதே பெரிது என்பர் சிலர். இம்மறுப்பு நமது வீட்டு வாயிலுக்கே வருகின்றது. இலங்கையில் தலசீமியா அயலான நோயன்று. குருநாகல், அநுராதபுரம் முதலிய மாவட்டங்களில், மலேரியா நெடுங்காலம் ஆண்ட நிலங்களில், இந்நோயோடு பிறந்த குழந்தைகள் மாதந்தோறும் பிறர் இரத்தத்தை எதிர்நோக்கி வாழ்கின்றனர். கொடையாளரும் நோயாளரும் ஒரே மக்கள் தொகுதியைச் சார்ந்திருக்கும் இடங்களில் இவ்வெதிர்ப்பு பொதுவாகக் குறைவெனினும், இல்லாமற் போவதில்லை. இந்நாட்டு இரத்த வங்கிச் சேவை 2014இலிருந்து முற்றிலும் ஊதியம் பெறாத தன்னார்வக் கொடையாளரைக் கொண்டே இயங்கி வருவது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. பணத்துக்கு இரத்தம் விற்கும் இழிநிலையை வறிய நாடொன்று கடக்க முடியும் என்பதற்கு அது சான்று. அவ்வளவு கொடையுள்ளம் படைத்த மக்கள், அறிதலுக்கான செலவை மட்டும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடலாமா?

உண்மையில் முதற்படிகள் பெருஞ்செலவுடையனவும் அல்ல. வாழ்நாள் முழுவதும் இரத்தம் பெற வேண்டிய குழந்தையின் செங்குழிய அடையாளங்களை, முதல் இரத்தம் ஏற்றுவதற்கு முன்னரே விரிவாகச் சோதித்துப் பதிந்துவைத்தல் வேண்டும். பிறர் இரத்தம் கலந்த பின்னர் அச்சோதனை கடினமாகின்றது. றீசஸ் தொகுதியின் பிற அடையாளங்களும் கெல் அடையாளமும் ஒத்த இரத்தத்தையே இயன்றவரை ஏற்றுதல் வேண்டும் என்பதைத் தலசீமியாச் சிகிச்சை பற்றிய சர்வதேச நெறிமுறைகள் வற்புறுத்துகின்றன. ஒருமுறை தோன்றிய பிறபொருளெதிரியின் பெயர், நோயாளி எந்த வைத்தியசாலைக்குச் சென்றாலும் அவரோடு செல்லும் அட்டையில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். சோதனையில் அது மறைந்திருக்கும் நாளில், உடல் மறவாததைப் பதிவேடும் மறவாதிருந்தால் மட்டுமே அவர் காப்பாற்றப்படுவார். ஏழைத் தாயொருத்தி தன் பிள்ளையோடு ஊர் மாறி வரும்போது, அவள் கையிலுள்ள ஒரு துண்டு அட்டை ஓர் உயிரின் விலை பெறும்.

அரிய வகையினரைப் பொறுத்தவரை நாட்டெல்லைகளும் போதா. 1965இல் உலகளாவிய அரிய கொடையாளர் பட்டியலொன்று தொடங்கப்பட்டு, இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியிலிருந்து பேணப்பட்டு வருகின்றது. ஒரு நாட்டில் கிடைக்காத இரத்தத்தை இன்னொரு நாட்டுக் கொடையாளரிடம் தேடுவதற்கு அது வழிசெய்கின்றது. கடவுச்சீட்டும் கொடியும் வேறான ஒருவரின் உடலில் தன் உயிருக்குப் பொருந்துவது இருக்கக் கூடும் என்பதை அறிந்த மனிதன், அவரைப் பகைவர் என்று சொல்வதற்கு முன் ஒருகணம் தயங்குவான் என்றே நாம் நம்புகிறோம். வேறுபாட்டை நுணுகி அறிந்ததனால் மனிதர் பிரியவில்லை. ஒருவரையொருவர் தேடும் தேவை பெருகியது. இதுவே நாம் முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை.

எல்லோர் இரத்தமும் சிவப்பே என்ற வாசகத்தை நாம் கைவிட வேண்டியதில்லை. சாதியையும் தீட்டையும் எதிர்ப்பதற்கு அது இன்றும் தேவை. ஆனால் அதனோடு நின்றுவிடலும் ஆகாது. நமது இரத்தங்கள் பலவாறு வேறுபட்டவை. அவ்வேறுபாடுகளுள் ஒன்றேனும் உயர்வு தாழ்வுக்குச் சான்றன்று. எந்த ஒரு சமூகத்தின் இரத்தமும் எல்லோருக்கும் போதியதன்று. ஆதலால் எல்லாச் சமூகத்தவரும் கொடுத்தல் வேண்டும், கொடுக்கப்பட்டதை அறிந்து வழங்க அரசு செலவிடுதல் வேண்டும். இரத்ததான முகாமில் கைநீட்டி அமர்ந்திருக்கும் இளைஞரிடம் இதனையும் சேர்த்துச் சொல்வோம். கொடுத்துவிட்டு அவர் எழுந்து செல்லும்போது, தாம் அளித்த பொதி உரிய ஒருவரைச் சென்றடைவதற்கான ஒழுங்கு உண்டா என்று கேட்கும் உரிமையும் தமக்குண்டு என்பதை அவர் அறிந்து செல்லட்டும்.